சத்தமாகப் படித்து அனுப்பவும்

கணினி கற்றுக்கொள்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. கற்றுக்கொடுக்க வருகிறவரைப் பொறுத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு யுகேந்திரன் சாருக்கு. முப்பது வயதுகூட ஆகவில்லை. எதை ஆரம்பித்தாலும், "இது ரொம்ப சிம்பிள் லா, டீச்சர்" என்பார். அவருக்குச் சிம்பிள். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே சிவப்புப் பேனாவும் கையுமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அந்தத் திரையில் எதைத் தொட்டால் எது திறக்கும் என்பதே தெரியாது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை எங்களையெல்லாம் பள்ளி மண்டபத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பில் ஏதாவது ஓர் இணையக் கருவியைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றார்கள். நான் சும்மா இருப்பேனா?

"பிள்ளைங்க முன்னால நான் முழுசா நிக்கிறேனே, அது பத்தாதா?" என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "சலேஹா டீச்சர், எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்றார்.

என் வயதுக்காரிகள் சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று முன்கூட்டியே பணி ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போகவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்ற பயம்தான். பள்ளி மணி அடித்துவிட்டால் மறுநாள் காலைவரை என்னோடு பேச ஒரு ஜீவன் கிடையாது.

முன்பு அப்படியில்லை. ஜெலுத்தோங்கில் இந்த அடுக்குமாடி வீட்டில் நானும் தங்கை நஜ்வாவும் இருந்தோம். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களை எங்களுக்குப் பிடிக்கவில்லை, பிடித்தவர்கள் கேட்டு வரவில்லை, அவ்வளவுதான் கதை. போன வருஷம் ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் நஜ்வா, ஈப்போவில் மனைவியை இழந்த ஒருவரை நிக்காஹ் செய்துகொண்டு போய்விட்டாள். நல்ல மனிதர். அவள் போனதில் எனக்குத் துளிகூடக் கோபமில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கோபம்தான். மீனில் உப்பு கூடிப்போச்சு, காற்றாடி வேகம் கூடிப்போச்சு, டிவி சத்தம் கூடிப்போச்சு என்று நாள் முழுக்கச் சண்டை போட்ட வீடு இது. சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா?

சரி, கருவிக்கு வருகிறேன். முதலில் யுகேந்திரன் சார் ஒரு வினாடி வினா சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பதிலைத் தொட வேண்டும், முந்திக்கொண்டவர் பெயர் திரையில் மேலே ஏறும். நான் நடத்திய அன்று வகுப்பு மீன் பசார் ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் படம் காட்டப் போனேன், திரையில் தலைகீழாக வந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்தார்கள். "டீச்சர், வேணும்னா நாங்க தலைகீழா நிக்கவா?" என்று கேட்டான் இல்ஹாம். வாயாடிப் பயல். வெளியே போய் நில்லடா என்று அனுப்பினேன். என் முகம் சிவந்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் பக்கம். நான் ஒரு பத்தியை இணையப் பக்கத்தில் போட்டு, கீழே "சத்தமாகப் படித்து அனுப்பவும்" என்று எழுத வேண்டும். பிள்ளைகள் வீட்டில் அம்மா அப்பா கைப்பேசியில் அதைத் திறந்து, படித்துப் பதிந்து அனுப்புவார்கள். அனுப்பியது எனக்கு மட்டும் கேட்கும். ஒவ்வொருவர் பெயரையும் தொட்டால் அவரவர் பதிவு தனித்தனியாகத் திறக்கும். நாற்பது நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறத் தேவையில்லை. இது எனக்கு உடனே புரிந்துபோனது. நோட்டைத் திறக்கிறோம், திருத்துகிறோம், மூடுகிறோம். அதே வேலைதானே?

முதல் நாள் மாலை மஃரிப் தொழுதுவிட்டு, மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். முதல் பதிவே இல்ஹாமுடையது. "ஆற்றங்கரையில் ஒரு மரம் இருந்தது" என்று அவன் தொடங்கியதும் பின்னால் யாரோ ஒரு பெண், "கோழிய எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சியா இல்லியா?" என்று கத்தினார். அவன் மரத்தை அப்படியே விட்டுவிட்டு, "வெச்சிட்டேன்மா!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு மறுபடி மரத்துக்கு வந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது.

அடுத்தடுத்த பதிவுகளிலும் அதே கூத்துதான். ஒரு வீட்டில் கடுகு வெடிக்கிறது. ஒரு வீட்டில் கைக்குழந்தை வீறிடுகிறது. ஒரு வீட்டில் அப்பாவும் மாமாவும் பந்து விளையாட்டைப் பார்த்து, "போடுடா! போடுடா! அட போ, கிழிஞ்சுது!" என்கிறார்கள். ஒரு வீட்டில் பாங்கு கேட்கிறது, ஒரு வீட்டில் சாமி மணி கேட்கிறது. பிள்ளைகள் லகர ளகரத்தைக் கொலை செய்துகொண்டிருந்தார்கள், நான் அதைக் கவனிக்கவேயில்லை. என் வீடு முழுக்க ஆட்கள். அன்று இரண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன்.

மறுநாளும் ஒரு பத்தி போட்டேன். அதற்கு மறுநாளும். வாரம் ஒருமுறை போதும் என்று யுகேந்திரன் சார் சொல்லியிருந்தார். நான் தினமும் போட்டேன். பிள்ளைகளின் வாசிப்பும் நிஜமாகவே முன்னேறியது, அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, "சலேஹா டீச்சரைப் பாருங்க, இந்த வயசுல எப்படி கத்துக்கிட்டாங்கன்னு" என்று கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். தினமும் ஏன் போடுகிறேன் என்பது எனக்கல்லவா தெரியும்.

இத்தனை பதிவுகளில் ஒரே ஒரு பதிவில் மட்டும் பின்னால் எந்தச் சத்தமும் இருக்காது. அது காமினியுடையது. பாயான் பாரு பக்கம் இருக்கிற பிள்ளை, வகுப்பில் இரண்டாம் வரிசை, கேட்டால்தான் பேசுவாள். அவள் பதிவில் அவள் குரல் கேட்கும், காற்றாடி சுற்றுவது கேட்கும், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். என் வீட்டுச் சத்தமும் அதுதான்.

ஒருநாள் அவள் படித்து முடித்தும் பதிவை நிறுத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து, "டீச்சர், கேட்டுச்சா?" என்றாள். மறுநாள், "டீச்சர், இன்னைக்கு நானே மீ நூடுல்ஸ் போட்டு சாப்பிட்டேன். முட்டையும் ஊத்துனேன்" என்றாள். அதற்கு அடுத்த நாள், "அம்மாக்கு நைட் ஷிப்டு டீச்சர். அம்மா ஃபேக்டரிக்குப் போனதும் நான் கதவப் பூட்டிக்குவேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து பாப்பாங்க. பழைய ஃபோன எனக்குன்னு வெச்சிட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

வழக்கமாக நான் ஒவ்வொரு பதிவுக்கும் "நன்று" என்றோ "மீண்டும் படி" என்றோ எழுதி அனுப்புவேன். அன்றைக்கு எழுத மனம் வரவில்லை. ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து முட்டை ஊற்றினேன் என்று சொல்கிறது, அதற்கு "நன்று" என்று எழுதினால் அது மனுஷர் செய்கிற காரியமா? அவள் பெயரைத் தொட்டு, அவள் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையின் மேலே பெரிதாக இருந்த மைக் படத்தை அழுத்திப் பேசினேன்.

"காமினி, நல்லா படிச்சேம்மா. பயப்படாத. லைட்ட அணைக்காத. அம்மா வர்ற வரைக்கும் யார் தட்டினாலும் கதவத் திறக்காத. நானும் இங்க தனியாத்தான் இருக்கேன். என் தங்கச்சி போனதுக்கப்புறம் இந்த வீட்ல பேச ஆளே இல்ல. நீங்கள்லாம் படிக்கிறதக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குது. அதுக்குத்தான் தினமும் அனுப்பச் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத. நாளைக்கும் அனுப்பு."

அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தது. மனதில் கிடந்ததை யாரிடமாவது சொல்லியாயிற்றே.

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தேன். "வணக்கம் டீச்சர்" என்று எல்லாரும் எழுந்து சொல்லி உட்கார்ந்தார்கள். இல்ஹாம் மட்டும் உட்காரவில்லை.

"டீச்சர், நேத்து சோறு இறங்குச்சா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அக்கறையாகக் கேட்டான். "எங்கம்மா பாவம்னு சொன்னாங்க டீச்சர். உங்கள வீட்டுக்குக் கூப்பிடலாமான்னு அத்தாகிட்ட கேட்டாங்க" என்றான். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காமினி மட்டும் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு நேரத்தில் யுகேந்திரன் சாரைத் தேடிப்போய்க் கைப்பேசியை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"டீச்சர், மேல இருக்கே பெரிய மைக், அது அறிவிப்பு சொல்றதுக்கு. கிளாஸ்ல உள்ள எல்லா பேரண்ட்ஸ் ஃபோனுக்கும் போயிடும். காமினிக்கு மட்டும் பேசணும்னா அவ பேருக்குக் கீழ சின்னதா ஒன்னு இருக்கு பாருங்க, அது."

"அவ நோட்டத் திறந்து வெச்சிக்கிட்டுத்தானே சார் பேசினேன்?"

"நோட்டு இல்ல டீச்சர் இது."

யா அல்லாஹ்! சிவப்புப் பேனாவால் ஒரு பிள்ளையின் நோட்டில் எழுதினால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். இத்தனை வருஷமாக என் கைக்குத் தெரிந்தது அதுதான். எந்த நோட்டு திறந்திருக்கிறதோ அதில் எழுதுகிறோம். நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஊருக்கே மைக் பிடிக்க முடியும் என்று யார் கண்டது?

"அழிச்சிடலாம் டீச்சர்" என்று சொல்லி அவர் ஏதோ தொட்டார், அழிந்தது. கேட்டவர்கள் காதிலிருந்து எப்படி அழிப்பது?

பள்ளி விடுகிற நேரம் காமினியின் அம்மா வந்தார். ஃபேக்டரிச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, தூக்கமில்லாத கண்ணோடு வாசலில் நின்றார். நான் உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"டீச்சர், நீங்க நல்ல மனசுலதான் பேசினீங்க. ஒத்துக்கிறேன். ஆனா காலையிலேர்ந்து என் ஃபோனுக்கு எத்தன மெசேஜ் வந்துச்சு தெரியுமா? பொம்பளப் பிள்ளைய ராத்திரியில தனியா விட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு கேக்குறாங்க. இவங்கப்பா இருந்தா நான் ஏன் டீச்சர் நைட் ஷிப்டுக்குப் போறேன்?"

"என்ன மன்னிச்சிடும்மா. எனக்கு அந்த மைக்கு தெரியல."

"மைக்கு தெரியலன்னா சரி. பிள்ளகிட்ட எதுக்கு டீச்சர் உங்க கஷ்டத்தச் சொல்றீங்க? டீச்சர் தனியா இருக்காங்க, நான் அனுப்பலன்னா சாப்பிட மாட்டாங்கன்னு காலையில அழுதுகிட்டு உக்காந்திருக்கா." கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். "உங்களுக்குப் பேச ஆள் வேணும்னா பெரியவங்களாப் பாத்துக்குங்க. என் பிள்ளைய விட்டுடுங்க."

எனக்கு வாய்க்கு வாய் பேசத் தெரியும். தலைமையாசிரியையிடமே பேசியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மறுபடியும் மன்னிப்புத்தான் கேட்டேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. காமினியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "ஒடம்புக்கு ஒன்னுமில்லையே டீச்சர்?" என்று கேட்டார். பிறகு, "வாய்ஸ் ஹோம்வொர்க் இனிமே வேணாம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

வகுப்பில் சொன்னேன். "இனிமே தினமும் சத்தமா படிச்சு அனுப்ப வேணாம். ஸ்கூல்லயே படிச்சுக்கலாம்."

"ஹேய்!" என்று வகுப்பே கூரை பிய்கிற மாதிரி கத்தியது. இல்ஹாம் நாற்காலியிலிருந்து குதித்தான். பிள்ளைகள்தானே, வீட்டுப்பாடம் குறைந்தால் கத்தாமல் என்ன செய்யும்? நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெண்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை அழித்தேன்.

அன்று மாலை தொழுதுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தைத் திறந்தால் வெறுமையாக இருந்தது. நஜ்வாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"லாத்தா, வீட்ல ஆளுங்க வந்திருக்காங்க. அப்புறம் கூப்பிடவா?" அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"சரி சரி, வேலையப் பாரு."

"ஒன்னும் இல்லியே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அப்புறம் அவள் கூப்பிடவில்லை. மறந்திருப்பாள். விருந்தாளிகள் வந்தால் அப்படித்தான், அவளைக் குறை சொல்ல முடியாது. குறை சொன்னேன். காற்றாடியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. இல்ஹாமின் அம்மா நிஜமாகவே வீட்டுக்குக் கூப்பிட்டார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பாவம் என்று கூப்பிடுகிற வீட்டில் போய் எந்த முகத்தோடு சாப்பிடுவது? டிவியைப் போட்டுப் பார்த்தேன். டிவியில் இருக்கிறவர்கள் யாருக்கும் நான் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்கள் பேசுவது எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிடலாமா என்று யுகேந்திரன் சார் கேட்டபோது, "இருக்கட்டும், அப்புறம் மூடிக்கலாம்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

காமினி வகுப்பில் என் கண்ணைப் பார்க்காமலே இருந்தாள். நானும் அவளைக் கேள்வி கேட்காமல் விட்டேன். அவள் அம்மாவிடம் கொடுக்காத வாக்கு அது, ஆனாலும் காப்பாற்றினேன்.

அடுத்த வாரத்தில் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மணியடித்தது. பக்கத்தில் ஒரு பதிவு வந்திருந்தது. காமினி. மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். யாரும் கேட்காத வீட்டுப்பாடத்தை இந்தப் பிள்ளை ஏன் அனுப்புகிறது? தொட்டேன்.

முதலில் கேட்டது அவள் குரல் இல்லை. "என்னடி பண்றே? அதான் டீச்சர் வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல?" என்று அவள் அம்மா தூரத்திலிருந்து கேட்டார். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த ஒரு பாடம் மட்டும்மா. பிளீஸ்மா."

குழாய் நின்றது. பிறகு அந்த அம்மா, "சரி, படி. சத்தமா படி, டீச்சருக்குக் கேக்கட்டும்" என்றார்.

காமினி படித்தாள். பாடநூலில் இருந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய பத்தி, தடுமாறவேயில்லை. லகர ளகரம் இரண்டும் சுத்தம். பின்னால் தட்டு வைக்கிற சத்தம், அலமாரி திறக்கிற சத்தம், அம்மா தனக்குள் ஏதோ முணுமுணுக்கிற சத்தம். படித்து முடித்ததும், "டீச்சர், அம்மாக்கு இப்ப காலை ஷிப்டு. கேட்டு மாத்திக்கிட்டாங்க. நான் இப்ப தனியா இல்ல டீச்சர்" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய்யில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இனி கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வீட்டில் ஒரு வீடாவது என் வீடு மாதிரி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சத்தமில்லாத வீடு இனி என்னுடையது மட்டும்தான். ஒரு குழந்தையின் நல்ல காலத்தைப் பார்த்து இப்படி நினைக்கிறாயே, நீயும் ஒரு டீச்சரா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கேட்டும் அது போகவில்லை.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

"முடிஞ்சிதா? வா, சாப்பிட. சோறு ஆறுது பாரு" என்றார் அவள் அம்மா. நாற்காலி நகர்ந்தது. அதோடு நின்றுவிட்டது.

அவள் பெயருக்குக் கீழே இருக்கிற சின்னப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துத் தொட்டு, "மிக நன்று" என்று எழுதி அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை. பிறகு பதிவின் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை போட்டேன். வா, சாப்பிட. சோறு ஆறுது பாரு. இன்னொரு தடவை போட்டேன். என்னைக் கூப்பிடவில்லை என்று தெரியாமல் இல்லை. இருந்தாலும் எழுந்து போய்த் தட்டை எடுத்து, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.